கொரிய மொழி தெரியாதவருக்குப் பான்சோரி எதற்கு?

கேள்வி: 2025 மார்ச் 11, மாலை 6.15

சியோலுக்கு வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது. கடையில் விலை கேட்கவும் டாக்சியில் இடம் சொல்லவும் கொரிய மொழி வரும், அவ்வளவுதான். கே-பாப் கச்சேரி இரண்டு பார்த்தாயிற்று. பான்சோரி என்ற கதைப்பாட்டு, முகமூடிக் கூத்து, அரண்மனை இசை என்று சுரங்க ரயில் நிலையமெல்லாம் விளம்பரம் வைத்திருக்கிறார்கள். மொழி தெரியாதவர் போய் உட்கார்ந்தால் விழித்துக்கொண்டுதானே இருக்க வேண்டும்? வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இவை வீண் என்பது என் எண்ணம். தவறென்றால் யாராவது சொல்லுங்கள்.

மார்ச் 11, இரவு 10.40

தவறு. நான் சுவோனில் ஆறு வருஷமாக இருக்கிறேன், முதல் மூன்று வருஷம் என் கொரிய மொழியும் உங்கள் அளவில்தான் இருந்தது, அப்போது போன நிகழ்ச்சிகள்தான் இன்றைக்கும் மனதில் நிற்கின்றன. பான்சோரிக்கு மொழி தேவையே இல்லை. ஒரு பாய், அதில் நின்று பாடுகிறவர் ஒருவர், கையில் ஒரு விசிறி, பக்கத்தில் புக் என்ற மேளத்தோடு உட்கார்ந்திருக்கும் ஒருவர். மேடையில் வேறு ஒன்றும் கிடையாது. அந்த ஒரு தொண்டை அழுவதும் அதட்டுவதும் கெஞ்சுவதும் எந்த ஊர்க்காரருக்கும் புரியும். போய் உட்காருங்கள்.

மார்ச் 12, காலை 7.05

ராத்திரி தூக்கக் கலக்கத்தில் எழுதியது. முக்கியமானதை விட்டுவிட்டேன்.

பான்சோரியில் கேட்கிறவர்களுக்கும் வேலை உண்டு. பாட்டின் இடையிடையே மேளக்காரரும் சபையும் சேர்ந்து குரல் கொடுப்பார்கள். "ஒல்சிகு!", "சோத்தா!", "சல்ஹந்தா!" இதற்குச் சுயிம்சே என்று பெயர். சோத்தா என்றால் நன்றாக இருக்கிறது, சல்ஹந்தா என்றால் நன்றாகச் செய்கிறாய். ஒல்சிகு வெறும் உற்சாகக் குரல், நம் "அப்படிப் போடு" மாதிரி. இது கைதட்டலைப் போல முடிவில் வருவதில்லை, பாடும்போதே வர வேண்டும். சபை வாயை மூடிக்கொண்டு இருந்தால் பாடகருக்கு மூச்சு முட்டும் என்று அங்கே சொல்வார்கள்.

நான் நாகர்கோவில் பக்கம். எங்கள் ஊர்க் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு நடக்கும்போது, பாட்டுக்காரர் ஒரு வரி சொல்ல, குடம் அடிப்பவரும் தாளம் போடுபவரும் "ஆமா" போடுவார்கள். அந்த ஆமா இல்லையென்றால் கதை நகராது. முதல் தடவை பான்சோரி கேட்டபோது மேளக்காரர் வாயிலிருந்து அந்த முதல் குரல் வந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அர்த்தம் தெரியாது. ஆனால் அவர் ஆமா போடுகிறார் என்று தெரிந்தது.

மார்ச் 13, இரவு 11.20

முதல் குறிப்பைத் திருத்துகிறேன். "மொழி தேவையே இல்லை" என்று எழுதியது அதிகப்படி. யோசித்துப் பார்த்தால் எனக்கே உறுத்துகிறது.

பான்சோரியில் பாடும் பகுதி சோரி, பேச்சாகச் சொல்லும் பகுதி அனிரி. இரண்டும் மாறி மாறி வரும். சோரிக்கு மொழி இல்லாமல் சமாளிக்கலாம். அனிரியில்தான் நையாண்டியும் குசும்பும் எல்லாம் இருக்கிறது, சபையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்போது நாம் மட்டும் சும்மா உட்கார்ந்திருப்பது வலிக்கத்தான் செய்யும். எனக்கு வலித்தது. அந்த வலியில்தான் மொழி வகுப்பில் சேர்ந்தேன், அது வேறு கதை.

மொழி வரும்வரை கதையையாவது படித்துவிட்டுப் போங்கள். இன்று முழுதாகப் பாடப்படும் பழைய பான்சோரி ஐந்துதான். சுன்ஹ்யாங்கா காதல் கதை. சிம்சோங்கா, கண் தெரியாத அப்பாவுக்காகத் தன்னையே விற்றுக்கொள்ளும் மகளின் கதை. ஹுங்போகா அண்ணன் தம்பி கதை. சுகுங்கா முயலும் ஆமையும். சோக்ப்யோக்கா சீனத்துப் போர்க் கதை. இந்த ஐந்தையும் அரை நாளில் படித்துவிடலாம். கதை தெரிந்துவிட்டால் அனிரியில் பாதி, ஆளின் முகத்தைப் பார்த்தே புரியும்.

மார்ச் 15, பிற்பகல் 3.30

எதில் தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். கண்ணை மூடிக்கொண்டு சுகுங்கா. காரணம், கதை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

கடலுக்கு அடியில் நாகராஜன் நோயில் கிடக்கிறான். முயலின் ஈரல் ஒன்றே மருந்து. ஆமை கரைக்கு வந்து ஆசை காட்டி முயலை அழைத்துப் போகிறது. அங்கே போனதும் விஷயம் தெரிந்த முயல், "அடடா, ஈரலை ஊரிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேனே" என்று சொல்லித் தப்பி வருகிறது. ஆமாம், நாம் சின்ன வயதில் கேட்ட குரங்கு, முதலை, மரத்தில் தொங்கும் இதயம்! ஜாதகக் கதைகளிலும் பஞ்சதந்திரத்திலும் இருப்பது பௌத்தத்தோடு கிழக்கே போய்ச் சீனத்தைத் தாண்டி இங்கே வந்தபோது குரங்கு முயலாகிவிட்டது. 1145 இல் தொகுக்கப்பட்ட சம்குக் சாகி என்ற வரலாற்று நூலிலேயே இந்தக் கதை இருக்கிறது. 642 இல் சில்லா நாட்டிலிருந்து உதவி கேட்டுக் கோகுர்யோவுக்குப் போன கிம் சுன்சு அங்கே சிறைப்படுகிறார். அந்த நாட்டு அதிகாரி ஒருவர் அவரிடம் முயல் கதையைச் சொல்கிறார். குறிப்பைப் பிடித்துக்கொண்ட கிம், மன்னன் கேட்ட நிலத்தைத் தருவதாக வாக்குக் கொடுத்து வெளியே வந்துவிடுகிறார். பிற்காலத்தில் சில்லாவுக்கே அரசரானார். ஒரு கதை ஒரு ஆளின் உயிரைக் காப்பாற்றியதாக எழுதி வைத்திருக்கிறார்கள், எனக்கு அதை நினைத்தாலே சந்தோஷமாக இருக்கிறது.

எனக்குப் பிடித்த இடம் ஒன்று. ஆமை கடலிலிருந்து மலைவரை தாடையால் நிலத்தைத் தள்ளிக்கொண்டே ஏறி வருகிறது, தாடை மரத்துப்போகிறது. தூரத்தில் முயல் தெரிகிறது. "தோ சேங்வோன்", முயலாரே, என்று கூப்பிட நினைக்கிறது. மரத்துப்போன வாயில் தோ என்பது ஹோ என்று வந்துவிடுகிறது. "ஹோ சேங்வோன்" என்றால் புலியாரே! வாழ்க்கையில் தன்னை யாருமே இத்தனை மரியாதையாக அழைத்ததில்லை என்று மகிழ்ந்துபோய்ப் புலி மலையிலிருந்து இறங்கி வருகிறது. அந்த இறக்கத்தை மேளமும் குரலுமாகப் பாடுவார்கள் பாருங்கள். 2020 இல் கொரியச் சுற்றுலாத் துறையின் விளம்பரப் படம் ஒன்று உலகமெல்லாம் ஓடியதே, தொப்பியும் கண்ணாடியுமாக ஆடுவார்களே, அதில் வந்த பாட்டு இந்தப் பகுதிதான். நீங்களும் நிச்சயம் பார்த்திருப்பீர்கள்.

மார்ச் 22, இரவு 9.10

இன்றைக்குக் குகக் மையம் போய் வந்தேன், குகக் என்றால் கொரிய மரபிசை. சோச்சோவில் இருக்கிறது, நாம்பு பேருந்து நிலையத்தில் இறங்கி நடக்கலாம். 1951 இல், கொரியப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, பூசானில் தொடங்கிய தேசிய நிறுவனம். ஊர் குண்டில் சிதறிக்கிடக்கும்போது இசைக்கென்று ஒரு நிறுவனத்தைத் திறந்திருக்கிறார்கள் என்பதை நான் அங்கே போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு அங்கே நடக்கும் சனிக்கிழமை நிகழ்ச்சிதான் சரி. ஒரே அமர்வில் அரண்மனை இசை கொஞ்சம், நாட்டுப்புறப் பாட்டு கொஞ்சம், நடனம் ஒன்று, பான்சோரியில் ஒரு துண்டு என்று கலந்து வைப்பார்கள். எது உங்களைப் பிடித்து இழுக்கிறது என்று அங்கே தெரிந்துவிடும். நான் உட்கார்ந்தது ஊம்யோன்தாங் என்ற சின்ன அரங்கில். ஒலிபெருக்கி இல்லை, கயாகும் என்ற நரம்பு வாத்தியத்தில் விரல் உரசும் சத்தம்கூட என் வரிசைவரை வந்தது. அங்கேயே இசைக்கருவி அருங்காட்சியகமும் இருக்கிறது, நுழைவுக் கட்டணம் கிடையாது, நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால் போனால் பார்த்துவிடலாம்.

மார்ச் 23, காலை 8.00

நேற்று சொல்ல மறந்த எச்சரிக்கை. சுயிம்சே எல்லா இடத்துக்கும் கிடையாது. அரண்மனை இசைக்கும் காகோக் என்ற நிதானமான பாட்டுக்கும் சபை அசையாமல் கேட்கும். என் பின் வரிசையில் ஒரு வெளிநாட்டுப் பையன் ஆர்வத்தில் காகோக் நடுவில் "ஒல்சிகு" என்று கத்திவிட்டான். யாரும் திட்டவில்லை, ஆனால் பாவம், காதெல்லாம் சிவந்துவிட்டது. முந்தின வாரம் இங்கே நான் எழுதியதைப் பார்த்து நீங்களும் அப்படிச் செய்துவிடக் கூடாதே என்று பதறி எழுதுகிறேன்.

எந்த இடத்தில் குரல் கொடுப்பது என்பதும் கணக்குதான். சுங்மோரி என்ற தாளம் பன்னிரண்டு அடி. அதில் ஒன்பதாவது அடிதான் பலமானது, மேளக்காரர் அப்போது தோலை விட்டுவிட்டு மேளத்தின் மரத்தில் "டக்" என்று அடிப்பார். கையில் விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், இரண்டு சுற்றில் பிடிபட்டுவிடும். கச்சேரியில் தாளம் போட்டுப் பழகிய கைக்கு இது பெரிய விஷயமே இல்லை. அந்த டக்குக்குப் பிறகு பாடகர் மூச்சு விடும் சின்ன இடைவெளி வரும். அதுதான் நம் இடம்.

மார்ச் 27, இரவு 10.15

நேற்று மாதத்தின் கடைசிப் புதன். 2014 ஜனவரியிலிருந்து கடைசிப் புதனைப் பண்பாட்டு நாளாக வைத்திருக்கிறார்கள். அரண்மனைகளுக்கு இலவசம், அரங்குகள் பலவற்றில் தள்ளுபடி. செலவுக்கு யோசிக்கிறவர்கள் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். யோங்சானில் இருக்கும் தேசிய அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சி என்றைக்குமே இலவசம், புதனும் சனியும் இரவு 9 மணிவரை திறந்திருக்கும். வேலை முடிந்து நேராக அங்கே போய், சிந்தனையில் அமர்ந்திருக்கும் இரண்டு போதிசத்துவர் சிலைகள் இருக்கும் அந்த இருட்டறையில் பத்து நிமிஷம் நின்றுவிட்டு வீடு திரும்பிய புதன்கிழமைகள் எனக்கு நிறைய. விரல் நுனி கன்னத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும், உதட்டில் லேசான சிரிப்பு. அதற்கு எந்த மொழியும் வேண்டாம். இதை மாற்றி எழுத மாட்டேன்.

ஏப்ரல் 9, இரவு 11.50

சீட்டு வாங்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் ஆத்திரம் புரிகிறது, ஏனென்றால் எனக்கும் நடந்தது.

ஒரு முன்பதிவுத் தளத்தில் கைபேசி வழியாக ஆளை உறுதிப்படுத்தச் சொன்னது. என் பெயரோடு அப்பா பெயரும் சேர்ந்து பாஸ்போர்ட்டில் நீளமாக இருக்கும். குடியிருப்பு அட்டையில் அது ஒரு வரிசையில், கைபேசிக் கணக்கில் வேறு வரிசையில், இடைவெளி ஒன்றில் உண்டு ஒன்றில் இல்லை. தளம் ஏழு தடவை "பொருந்தவில்லை" என்றது. எட்டாவது தடவை பொருந்தும்போது இடம் தீர்ந்துவிட்டது. நாடு விட்டு நாடு வந்து வரி கட்டி வாழ்கிற ஆளுக்கு ஒரு பாட்டுக் கேட்கச் சீட்டு வாங்க முடியவில்லை என்றால் என்ன நியாயம்? அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

செய்ய வேண்டியது இது. முதலில் கைபேசிக் கடைக்குப் போய்க் கணக்கில் உள்ள பெயரைக் குடியிருப்பு அட்டையில் இருக்கிறபடியே, இடைவெளி உட்பட, மாற்றச் சொல்லுங்கள். அதற்குள் அவசரமென்றால் அரங்கத்துக்கே போன் செய்யுங்கள். நான் அப்படிப் பேசி இடம் வாங்கி, அன்றைக்கு முகப்பில் அட்டையைக் காட்டிச் சீட்டைப் பெற்றுக்கொண்டிருக்கிறேன். போனில் சொல்ல வேண்டிய நான்கு வாக்கியத்தை எழுதி வைத்துக்கொண்டு படித்தேன். மறுமுனையில் இருந்த அம்மா பொறுமையாக இருந்தார், என் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார். பெரிய கே-பாப் கச்சேரிக்கு இது நடக்காது. பான்சோரிக்கு நடக்கும்.

ஏப்ரல் 27, காலை 9.30

நேற்று யோன்துங்ஹ்வே. புத்தர் பிறந்தநாளை ஒட்டிய விளக்கு ஊர்வலம், 2020 இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஹுங்கின்ஜிமுன் கோட்டை வாசலிலிருந்து சோங்னோ சாலை வழியாக சோக்யேசா கோயில்வரை ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் கையாலேயே செய்த காகித விளக்கோடு நடக்கிறார்கள். சீட்டு வேண்டாம், மொழி வேண்டாம், சாலையோரத்தில் நின்றால் போதும். முடிவில் சோங்காக் சந்திப்பில் காகிதப் பூவைக் கொட்டி, எல்லாரும் கை கோத்து வட்டமாகச் சுற்றுவார்கள். முன்னே பின்னே தெரியாத ஒருவர் என் கையைப் பிடித்து இழுத்தார். கும்மியில் சேர்வது மாதிரி சேர்ந்துகொண்டேன். இன்னும் சட்டைப்பையில் இளஞ்சிவப்புக் காகிதம் இருக்கிறது. கோயில் முன்னால் இன்றைக்கும் விளக்குச் செய்யச் சொல்லித் தருவார்கள். வீட்டில் இருந்தால் கிளம்புங்கள்.

மே 5, இரவு 8.45

நேற்றைப் பற்றி எழுத ஒரு நாள் தேவைப்பட்டது.

மே மாதம் முதல் ஞாயிறு, சோங்மியோ என்ற அரச முன்னோர் கோயிலில் ஜேர்யே நடக்கும். சோசோன் வம்சத்து அரசர்களுக்கும் அரசிகளுக்கும் செய்யும் திதி என்று நமக்குப் புரிகிற மாதிரி சொல்லலாம். சோங்மியோ 1395 இல் கட்டியது, 1592 ஜப்பானியப் படையெடுப்பில் எரிந்து 1608 இல் திரும்ப எழுந்தது. நீண்ட ஒரே கூரையின் கீழ் 19 அறை, 49 ஆவிப் பலகைகள். பிரதான மண்டபம் ஐந்து வருஷமாகப் பழுதுபார்ப்பில் இருந்தது, போன மாதம்தான் திறந்தார்கள். அதனால் நான் இங்கே வந்த ஆறு வருஷத்தில் அந்த மண்டபத்து முற்றத்தில் சடங்கு பார்ப்பது இதுதான் முதல் தடவை. சுவோனிலிருந்து 1ஆம் தட ரயிலில் ஏறினால் நேரே சோங்னோ 3-காவில் இறங்கலாம். முன்பதிவு இருக்கை கிடைக்கவில்லை, ஓரமாக நின்றுதான் பார்த்தேன். கால் கடுத்தது, பரவாயில்லை.

இசையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தொடங்குவதற்குச் சுக் என்று ஒரு கருவி, பச்சை வண்ணப் பெட்டி, மேலே ஒரு துளை, அதில் தடியை விட்டு அடிப்பக்கத்தைக் குத்துவார்கள். உரலில் உலக்கை விழும் சத்தம் அப்படியே! முடிப்பதற்கு ஓ என்று வேறொன்று, படுத்திருக்கும் வெள்ளைப் புலி, முதுகில் 24 பல். மூங்கில் விளக்குமாறு மாதிரி ஒரு கோலால் அதன் தலையில் தட்டி, முதுகுப் பல்லின் மேல் கிர்ர்ரென்று இழுப்பார்கள். இசை அதோடு நின்றுவிடும். தொடங்க ஒரு கருவி, முடிக்க ஒரு கருவி, நடுவில் அவற்றுக்கு வேலையே இல்லை. அந்தப் புலியின் பக்கத்தில் நிற்பவர் அவ்வளவு நேரமும் அசையாமல் நிற்கிறார்.

64 பேர் எட்டு எட்டாக நின்று ஆடுகிறார்கள். ஆட்டம் என்றால் குனிவது, நிமிர்வது, கையை ஏந்துவது. முதலில் குழலும் இறகும் பிடித்து, பிறகு மரவாளும் ஈட்டியும் பிடித்து. 1464 இல் சேஜோ மன்னர் காலத்தில் இந்தச் சடங்குக்கென்று அமைத்த இசை, அதற்கு முன்பே செஜோங் மன்னர் காலத்தில் பிறந்தது. மிக மிக மெதுவாக நகரும். முதல் இருபது நிமிஷம் பொறுமை இல்லாமல் தவித்தேன் என்பது உண்மை. அப்புறம் கல் மணியின் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் காற்றில் மரம் அசைவது கேட்க ஆரம்பித்தது, அதற்கப்புறம் நேரம் போனதே தெரியவில்லை.

மே 6, காலை 6.50

ஓ புலியின் முதுகில் 24 பல் என்று எழுதிவிட்டேன், 27 என்பதுதான் சரி.

மே 9, இரவு 10.00

இந்த இழையில், கொரிய மொழியிலும் அம்மா, அப்பா என்கிறார்கள், அயோத்தி இளவரசி இங்கே அரசியானாள், ஆகவே இரண்டும் சொந்தம் என்ற பேச்சு வந்துவிட்டது. வரும் என்று தெரியும். கிம்ஹேயில் ஹோ ஹ்வாங்-ஓக் அரசியின் கல்லறை இருக்கிறது, நான் போய் வணங்கியும் இருக்கிறேன். அவர் ஆயுதா என்ற நாட்டிலிருந்து கப்பலில் வந்தார் என்று 13ஆம் நூற்றாண்டில் எழுதிய சம்குக் யூசா சொல்கிறது. அந்த ஆயுதா எங்கே என்று சண்டை போட இங்கே நான் வரவில்லை. முயல் கதை நம் கரையிலிருந்து போனதற்கு எழுத்திலேயே தடம் இருக்கிறது, அது எனக்குப் போதும். வார்த்தை ஒற்றுமையைத் தேடி வேர்ச்சொல் அகராதியில் நேரம் செலவழிக்கிறவர்கள் ஒரு சனிக்கிழமை சோச்சோவுக்கு வந்து அந்த மேளத்தைக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

ஜூன் 1, இரவு 11.30

கங்நுங்கிலிருந்து இப்போதுதான் வந்து சேர்ந்தேன். தானோ நேற்று, சந்திரக் கணக்கில் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள். அதையொட்டி நாம்தேசோன் ஆற்றங்கரையில் எட்டு நாள் திருவிழா, 2005 இல் யுனெஸ்கோ அறிவித்தது. சியோலிலிருந்து கேடிஎக்ஸ் ரயிலில் இரண்டு மணி நேரம்.

மொழி தெரியாதவர்களுக்கு என்றே செய்து வைத்த மாதிரி அங்கே ஒரு கூத்து இருக்கிறது: குவான்னோ முகமூடிக் கூத்து. ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டார்கள். அரசு அலுவலகங்களில் அடிமைகளாக இருந்தவர்கள் ஆடிய ஆட்டம், குவான்னோ என்றாலே அவர்கள்தான். கொரிய முகமூடிக் கூத்துகளில் பேச்சே இல்லாதது இது ஒன்றுதான். பெருத்த வயிற்றோடு சாக்கு மாதிரி உடை போட்ட இரண்டு சாங்சாமாரி வந்து சபையை நெருக்கித் தள்ளி இடம் பண்ணுகிறார்கள். உயர்ந்த தொப்பியும் நீளத் தாடியுமாக யாங்பான் என்ற மேட்டுக்குடிக்காரர், அவர் காதலிக்கும் சோமேகாக்சி என்ற பெண், நடுவில் புகுந்து கெடுக்கும் இரண்டு பேர். அவமானம் தாங்காமல் அவள் அந்தத் தாடியையே கழுத்தில் சுற்றிக்கொண்டு விழுகிறாள், பிறகு எழுகிறாள், எல்லாரும் சேர்ந்து ஆடி முடிக்கிறார்கள். என் பக்கத்தில் இருந்த ஐந்து வயதுக் குழந்தைக்கும் எனக்கும் புரிந்தது ஒரே அளவுதான், இரண்டு பேரும் ஒரே இடத்தில் சிரித்தோம்.

அப்புறம் குத் என்ற சாமியாட்டச் சடங்கு. பெரிய கூடாரத்தில் முதாங் என்ற சாமியாடும் பெண்கள் மணிக்கணக்காகப் பாடுகிறார்கள், பின்னால் சாங்கோ என்ற மேளமும் பித்தளைத் தட்டும். பாய் விரித்துப் பாட்டிமார்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், வீட்டிலிருந்து கொண்டுவந்த பழத்தை நறுக்கிப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்கிறார்கள். கண்ணை மூடினால் கொடைதான். நான் பின்னால் ஒதுங்கி நின்றிருந்தேன். ஒரு ஹல்மோனி, பாட்டிதான், என் கால்சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, ஆரஞ்சுச் சுளை இரண்டு கையில் வைத்தார். பாடிக்கொண்டிருந்த அம்மாவின் வாயில் "சிம்சோங்" என்ற பெயர் வந்தது. திரும்ப வந்தது. மார்ச்சில் நான் எழுதிய அதே கதை, கண் தெரியாத அப்பா, முந்நூறு மூட்டை அரிசிக்குத் தன்னை விற்றுக் கடலில் விழும் மகள். கண் நோய் வராமல் இருக்க இந்தக் கதையைக் குத்தில் பாடுவார்கள் என்று ஹல்மோனி தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். அவர் கண் ஒன்று வெள்ளையாகப் படர்ந்திருந்தது. மகள் படகின் விளிம்பில் நிற்கும் இடம் வந்ததும் அவர் அழுதார், நான் அவர் பக்கம் பார்க்காமல் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது என் வாயிலிருந்து தானாக ஒரு குரல் வந்தது. சோத்தா இல்லை, ஒல்சிகு இல்லை, "ஆமா". ஹல்மோனி திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்.

சாப்பாடு கேட்டவர்களுக்கு: சைவம் சாப்பிடுகிறவர் கங்நுங்கில் உருளைக்கிழங்கு அடை சாப்பிடலாம், கம்சாசோன் என்று கேளுங்கள். தானோவுக்கென்றே சக்கர அச்சு குத்திய பச்சை அரிசிக் கொழுக்கட்டையும் கிடைக்கும். ஊர் மக்கள் கொடுத்த அரிசியில் காய்ச்சும் சின்ஜு என்ற கள்ளும் கொடுத்தார்கள். ஐரிஸ் செடி வேகவைத்த தண்ணீரில் தலை அலசும் பந்தலும் இருந்தது. நானும் அலசிக்கொண்டேன்.

ஜூன் 2, பிற்பகல் 1.10

ஐரிஸ் என்று எழுதியது தவறு. பந்தலில் ஆங்கிலப் பலகையில் அப்படித்தான் போட்டிருந்தது, நானும் அப்படியே நம்பிவிட்டேன். தலையை அலசிய தண்ணீரின் வாசனை எங்கேயோ தெரிந்த வாசனையாக இருந்தது, ரயிலில் வரும்போதெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். இன்று மதியம் அலுவலகத்தில் கூட வேலை செய்கிற அக்காவிடம் கேட்டேன். ஐரிஸ் வேறு செடி, பெயரில்தான் குழப்பம், இது சாங்போ என்று சொல்லிப் படம் காட்டினார். தாவரப் பெயரைத் தேடினேன்.

வசம்பு! நம் வசம்பு! ஆச்சி பேர் சொல்லாதது என்பாள், ராத்திரியில் அதன் பெயரைச் சொல்லக் கூடாது. சுட்டு உரைத்துக் குழந்தை நாக்கில் தடவுவாளே, மணிக்கட்டில் கோத்துக் கட்டுவாளே, அதே செடியை ஆற்றங்கரையில் பெரிய அண்டாவில் வேகவைத்துக் கொரியக்காரர்கள் தலைக்கு ஊற்றிக்கொள்கிறார்கள். முடி பளபளக்கும், கெட்டது அண்டாது என்று நம்பிக்கை. நேற்று ராத்திரி தலையணையில் அந்த வாசனை இருந்தது, வீட்டில் தூங்கிய மாதிரி தூங்கினேன். எனக்கு ஏன் அப்படித் தூக்கம் வந்தது என்று இப்போதுதான் தெரிகிறது.

ஜூன் 3, இரவு 9.20

இல்லை, வசம்பு விஷயத்தில் நம்மிடமிருந்துதான் போனது என்று நான் சொல்லவில்லை. ஈர நிலத்தில் ஆசியா முழுக்க வளரும் செடி, அவரவர் கண்டுபிடித்திருப்பார்கள். சந்தோஷப்பட அது போதாதா?

ஜூன் 15, காலை 10.05

நேற்று நீங்கள் சோச்சோவுக்குப் போய் வந்தேன் என்று எழுதியதைப் படித்து எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. மூன்று மாதம் ஆனது, ஆனாலும் போய்விட்டீர்கள். அனிரி ஒன்றும் புரியவில்லை, ஆனால் டக் அடி பிடிபட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அது போதும். இரண்டாவது தடவையும் போங்கள், மூன்றாவது தடவையில்தான் அது உங்கள் இடமாகும். நாம்சானில் இருக்கும் தேசிய அரங்கில் 1984இலிருந்து முழுப் பான்சோரியைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே ஆள் பாடும் நிகழ்ச்சி நடத்துகிறார்கள். சுகுங்கா மூன்று மணி நேரத்துக்கு மேல் போகும், சுன்ஹ்யாங்கா பாதி நாளே எடுக்கும். அதை இப்போதே முயல வேண்டாம். இந்த வருஷம் துண்டு துண்டாகக் கேளுங்கள்.

பாடகர் விசிறியை வைத்து என்னவோ அறுத்தார், எதிரே ஆள் இருக்கிற மாதிரி இழுத்தார், அது என்ன என்று கேட்டீர்களே. நீங்கள் கேட்டது ஹுங்போகா. சாப்பாட்டுக்கு வழியில்லாத தம்பியும் மனைவியும் கூரைமேல் காய்த்த சுரைக்காயை அறுக்கிறார்கள், உள்ளேயிருந்து அரிசியும் பணமும் கொட்டப் போகிறது, அவர்களுக்கு அது இன்னும் தெரியாது. விசிறி அங்கே ரம்பம். எதிரே ரம்பத்தின் மறு முனையைப் பிடித்திருப்பது மனைவி. மடித்தால் அதே விசிறி கைத்தடி, விரித்தால் கடிதம்.

அடுத்த சனிக்கிழமை போவதாக இருந்தால் இங்கே ஒரு வரி போடுங்கள், நானும் சுவோனிலிருந்து கிளம்பி வருகிறேன். நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால் அருங்காட்சியக வாசலில் நிற்கிறேன். அந்த வெள்ளைப் புலியை உங்களுக்குக் காட்ட வேண்டும், பல்லைக் கூடவே எண்ணிவிடலாம்.